பாதியில் நிற்கும் பதிவு: பணம் செலவழிக்கும் முன்

விளையாடும்போது ஒரு தொல்லையும் இல்லை. பதிவுப் பொத்தானை அழுத்தினால்தான் பத்து நிமிடத்தில் கணினி நின்றுவிடுகிறது. தன் விளையாட்டை யூடியூபில் பதிவேற்றும் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தப் புகார் புதிதல்ல. அதற்கு அடுத்த வரியும் பெரும்பாலும் இதுதான்: “அப்பா, கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது. புதிது வாங்க வேண்டும்.”

போனது கிராஃபிக்ஸ் கார்டுதானா என்று பார்க்காமல் சைனாடவுன் பீப்பள்ஸ் பார்க்குக்கோ தேக்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் சிம் லிம் ஸ்குவேருக்கோ கிளம்பினால், பல நூறு வெள்ளி செலவாகும்; கோளாறு அப்படியே வீட்டில் இருக்கும்.

இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகளில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விளையாட்டைத் திறந்ததும், வீடியோ நினைவகம் போதவில்லை என்ற செய்தி வரும், விளையாட்டு மூடிக்கொள்ளும். அதைப் பார்ப்பவர் கிராஃபிக்ஸ் கார்டைத்தான் சந்தேகிப்பார். ஆனால் தடுமாறியது செயலி. சுருக்கி வைத்திருந்த கோப்புகளை விரிக்கும்போது அது தப்பான விடை தந்தது. பழி வீடியோ நினைவகத்தின்மேல் விழுந்தது. செயலிக்குத் தேவைக்கு மேல் மின்னழுத்தம் போனதை 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பயாஸ் வழியாகத் திருத்தங்கள் வந்தன. பாதிக்கப்பட்ட செயலிகளுக்கு உத்தரவாதம் 2 ஆண்டு நீட்டிக்கப்பட்டது. ஏற்கெனவே கெட்டுப்போன செயலியைத் திருத்தத்தால் மீட்க முடியாது. அதை மாற்றித்தான் ஆக வேண்டும். உங்கள் மேசைக் கணினியில் இந்த வகைச் செயலி இருந்தால், முதல் வேலையாகப் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள்.

திரையில் வரும் செய்தியைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பதிவின்போது மட்டும் ஏன்?

விளையாட்டு தனியாக ஓடும்போது கணினிக்கு ஒரு வேலை. பதிவும் சேர்ந்தால், ஒவ்வொரு நொடியும் 60 படங்களைச் சுருக்கி வட்டில் எழுத வேண்டும். ஓபிஎஸ் போன்ற செயலியில் ‘எக்ஸ்264’ என்பதைத் தேர்ந்திருந்தால், அந்தச் சுமை முழுவதும் மையச் செயலியின் தலையில் விழும். என்விடியா கார்டில் ‘என்வென்க்’, இன்டெல்லில் ‘குவிக் சிங்க்’ என்று இதற்கென்றே தனிச் சுற்று உண்டு. அதற்கு மாற்றினாலே பல கணினிகள் நிலைக்கு வந்துவிடும். அதன் பிறகும் சூடு, மின்சாரம், நினைவகம், வட்டு ஆகிய நான்கும் வழக்கத்தைவிடக் கடுமையாகச் சோதிக்கப்படுகின்றன. மறைந்திருந்த பலவீனம் அப்போதுதான் வெளியே வருகிறது.

எப்படி நிற்கிறது?

முழுக் கணினியும் சட்டென்று அணைந்தால் சூடு, மின்வழங்கி இரண்டையும் முதலில் பாருங்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் ‘கெர்னல் பவர் 41’ என்று இருக்கும். அதை வைத்தே மின்வழங்கி கெட்டுவிட்டது என்பார்கள். கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அந்த வரி எதையும் சொல்லவில்லை.

நீலத் திரை வந்தால் அதில் உள்ள பெயரைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘டிடிஆர்’ என்ற எழுத்துகள் இருந்தால், கிராஃபிக்ஸ் பகுதி குறித்த நேரத்தில் பதில் தரவில்லை என்று பொருள். விண்டோஸ் வழக்கமாகக் காத்திருப்பது 2 நொடிதான். ‘வீயா’ என்று இருந்தால் வன்பொருளே பிழை சொல்கிறது.

விளையாட்டு மட்டும் மூடினால், ஒரே நேரத்தில் எத்தனை பதிவுக் கருவிகள் ஓடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஓபிஎஸ், என்விடியாவின் கருவி, எக்ஸ்பாக்ஸ் கேம் பார் மூன்றும் ஒரே திரைக்குப் போட்டியிடும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அணையுங்கள்.

பதிவு மட்டும் நின்றால் வட்டைப் பாருங்கள். நொடிக்கு 40 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரப் பதிவுக்கு 18 கிகாபைட் வேண்டும். ஃபேட்32 முறையில் வடிவமைத்த யூஎஸ்பி தட்டில் எழுதினால், ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது. பதிவு அங்கேயே முறியும்.

அரை மணி நேரச் சோதனை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் பதிவு இல்லாமல் அரை மணி நேரம் விளையாடுங்கள். அடுத்து விளையாட்டு இல்லாமல் வெறும் திரையை அரை மணி நேரம் பதிவு செய்யுங்கள். மூன்றாவதாக, இரண்டையும் சேர்த்து, விளையாட்டின் வேகத்தை நொடிக்கு 60 படங்களுக்குக் கட்டுப்படுத்தி ஓட்டுங்கள். கட்டுப்படுத்தியதும் பிரச்சினை மறைந்தால், சூடு அல்லது மின்சாரம் என்ற சந்தேகம் வலுக்கும். மறையாவிட்டால் நினைவகத்தைச் சோதியுங்கள். எக்ஸ்எம்பி முறையில் வேகம் கூட்டியிருந்தால் அதை அணைத்துவிட்டு, ‘மெம்டெஸ்ட்86’ஐ இரவு முழுவதும் ஓடவிடலாம். அது இலவசம்.

சூட்டை அளக்க ‘ஹெச்டபிள்யூஇன்ஃபோ’ என்ற இலவசக் கருவி போதும். நம் ஊரில் இதை அலட்சியப்படுத்த முடியாது. 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. 1983இன் உச்சத்தை அது சமன் செய்தது. விசிறி எவ்வளவு சுற்றினாலும், அறையில் இருக்கும் காற்றைத்தான் கணினிக்குள் தள்ளும். குளிரூட்டி ஓடும் 24 டிகிரி அறையில் தப்பித்த கணினி, 31 டிகிரி அறையில் ஏறக்குறைய 7 டிகிரி கூடுதல் சூட்டோடு வேலை செய்யும். பகலில் நின்று இரவில் ஓடினால், வீவக வீட்டு அறையின் வெப்பமும் ஒரு சந்தேக நபர்தான். வடிகட்டியில் படிந்த தூசியைத் துடைத்து, மேசையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். மடிக்கணினியை மெத்தைமேல் வைக்காதீர்கள்.

பதிவைக் காப்பாற்ற

காரணம் தெரியும்வரை பதிவை ‘எம்கேவி’ வடிவில் சேமியுங்கள். சாதாரண ‘எம்பி4’ கோப்பு தன் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும். நடுவில் கணினி அணைந்தால் மொத்தப் பதிவும் திறக்காது. எம்கேவியில் அணைந்த நொடிவரை பதிவானது பெரும்பாலும் கிடைக்கும். பிறகு ஓபிஎஸ்ஸின் கோப்புப் பட்டியலில் உள்ள ‘ரீமக்ஸ்’ மூலம் தரம் குறையாமல் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம்.

கடைக்குப் போகும்போது

சோதனைகளின் முடிவுகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். எப்போது நின்றது, எப்போது நிற்கவில்லை, நீலத் திரையில் என்ன பெயர், சூடு எத்தனை டிகிரி. அந்தத் தாள் கையில் இருந்தால், தேவையில்லாத பாகத்தை உங்கள் தலையில் கட்டுவது கடினம்.

வாங்கிய ரசீதையும் தேடி எடுங்கள். 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கும் ‘லெமன்’ சட்டப்படி, கடையில் வாங்கிய பொருளில் 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப் பொருள், அது இயலாவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணம் திரும்ப என்று கேட்கலாம். கடைக்காரர் மறுத்தால் பயனீட்டாளர் சங்கமான ‘கேஸ்’ அமைப்பை நாடலாம். பழைய பொருளைக் கடையில் வாங்கினாலும் இந்தப் பாதுகாப்பு உண்டு. தனி ஒருவரிடம் வாங்கியதற்கு இல்லை. கரோசலில் யாரோ ஒருவர் மலிவாக விற்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஆசைப்படும் முன் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.