எண்ணூர்க் கழிமுகமும் பொது ஜன உரிமையும்

நண்பர்கள் நாலைந்து பேர் ஓய்வு நாளில் கழிமுகத் துறைக்குச் சென்று தூண்டில் போடுவதும் ஒரு தலையங்கத்துக்குரிய விஷயமா என்று சிலர் நகைக்கக்கூடும். தேச காரியங்கள் எத்தனையோ காத்துக் கிடக்கின்றன என்பது மெய்யே. ஆயினும் ஒரு ஜன சமூகத்தின் சுதந்திரம் சட்டசபையில் மாத்திரம் வாசம் செய்வதன்று. காசின்றிக் கடலோரத்தில் நிற்கவும், அங்கே அகப்படுவதை அச்சமின்றி உண்ணவும் ஏழைக்கு இடமுண்டா என்பதும் சுதந்திரத்தைச் சேர்ந்த கேள்வியேயாகும்.

சென்னைக்கு வடக்கே கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தை எடுத்துக்கொள்வோம். முகத்துவாரம் என்பது உப்பு நீருக்கும் நன்னீருக்கும் இடையேயுள்ள வாயில். இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் ஓதத்தோடு கழிக்குள் புகுந்து, அங்கே வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. கொடுவா மீனோ கழியிலும் ஆற்றிலும் வளர்ந்து, முட்டையிட முகத்துவாரத்தை நாடுகிறது. ஆகையால் வாயில் கெட்டால் கழிக்கு மட்டுமன்று, கடலுக்கும் நஷ்டம். துறையில் தூண்டில் போடுபவனுக்கு ஒரு மீன் குறையுமானால், வலையை நம்பிப் பிழைப்பவனுக்கு ஒரு வேளைச் சோறு குறைகிறது.

பழவேற்காட்டிலும் எண்ணூரிலும் மீனவ கிராமங்களில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலையிடுவது என்று ஊரார் கூடி முறை வைத்துக்கொள்கிறார்கள். வலியவன் எளியவனைத் தள்ளிவிட்டு நல்ல இடத்தைக் கைப்பற்ற முடியாது. பஞ்சாயத்து ராஜ்யத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யும் நம்மவர்கள் அதை நேரில் காண விரும்பினால், வெகு தூரம் போக வேண்டுவதில்லை.

ஆனால் அக்கழியின் இன்றைய கதியென்ன? அனல் மின்சார நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து கழியின் ஆழத்தைத் தூர்த்தன. 2017 ஜனவரி 28-ல் துறைமுகத்துக்கருகே இரு கப்பல்கள் மோதி, எண்ணெய் கரையெங்கும் படிந்தது. வாலிபர்களும் மீனவர்களும் அதை வாளிகளால் அள்ளிய காட்சியை நாடு மறந்திராது. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் மறுபடியும் கழியை மூடியது. படகும் வலையும் பாழாயின. அதே மாதம் 26-ந் தேதி இரவில் அம்மோனியா வாயு கசிந்து ஜனங்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள்.

மின்சாரமும் தொழிலும் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும் என்பதே நமது பதிலும். ஆனால் விளக்கெரிய வேண்டுமென்றால் சாம்பல் ஆற்றில்தான் விழ வேண்டுமென்று எந்தப் பௌதிக சாஸ்திரமும் சொல்லவில்லை. குழாயைச் செப்பனிடும் செலவை மிச்சம் பிடித்து, அந்த நஷ்டத்தை மீனவன் தலையில் கட்டுவது தொழில் வளர்ச்சியாகாது. அது ஏழையின் மீது எழுதாத வரியேயாகும்.

1930-ல் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து சென்ற தொண்டர்கள் நிலைநாட்ட விரும்பிய தர்மம் யாது? கடல் தரும் பொருள் ஜனங்களுடையது என்பதன்றோ? பியாஸ் நதி சம்பந்தமான வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டாரும், ஆறுகளுக்கும் கடற்கரைக்கும் ஸர்க்கார் தர்மகர்த்தாவேயன்றிச் சொந்தக்காரர் அல்லர் என்ற கொள்கையை ஏற்றுத் தீர்ப்பளித்தனர். தர்மகர்த்தா கோயில் சொத்தை அழிய விட்டால் ஊர் சும்மா இருக்குமா?

ஆகவே நாம் கோருவன மூன்று. கழியில் படிந்த சாம்பலையும் எண்ணெய்க் கசடையும், கெடுத்தவர் செலவிலேயே அகற்ற வேண்டும். குழாய்களையும் கழிவு நீரையும் சோதிக்கும் கமிட்டிகளில் மீனவ கிராமப் பிரதிநிதிகளுக்கு ஓட்டுரிமையுடன் ஸ்தானம் வேண்டும். முகத்துவாரத்துக்குச் செல்லும் வழிகளும் துறைகளும் என்றென்றும் பொதுவாயிருக்க வேண்டும்.

தேச ஊழியர்கள் இதை மீனவர் குறையென்று ஒதுக்கிவிடலாகாது. எண்ணூர்த் துறையில் ஒரு தொழிலாளி தன் தோழர்களோடு உட்கார்ந்து, பிடித்த மடவையைப் பயமின்றித் தன் குழந்தைகளுக்கு எடுத்துச் செல்லும் நாளே, கடற்கரை நமதென்று நாம் சொல்லிக்கொள்ளத்தக்க நாளாகும். அதற்கான கிளர்ச்சியை இன்றே தொடங்குவது நமது கடமை.