பந்து நழுவியதா, நழுவவிட்டாளா?

சென்ற பருவத்தில் நம் கல்லூரி அரங்கில் 'எ லீக் ஆஃப் தேர் ஓன்' என்னும் அமெரிக்கப் படத்தைத் திரையிட்டார்கள். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. விடுதியில் சாம்பாரோடு அதையும் பரிமாறிக்கொண்டிருக்கிறோம். என் கட்சியை இம்மலரில் பதிந்துவிடுகிறேன். தீர்ப்பு வாசகர்கள் கையில்.

பார்க்காதவர்களுக்காகச் சில வரிகள். 1992-இல் பென்னி மார்ஷல் என்ற பெண்மணி இயக்கிய நகைச்சுவைப் படம் இது. 1943-இல் பேஸ்பால் வீரர்கள் பலர் போருக்குப் போய்விட, சூயிங்கம் முதலாளி பிலிப் ரிக்லி பெண்களை வைத்து ஒரு போட்டித் தொடரைத் தொடங்கினார். அது 1954 வரை நடந்தது. பெண்களுக்குக் குட்டைப் பாவாடைதான் சீருடை. மண்ணில் சறுக்கி விழுந்தால் தொடைத்தோல் உரியும். நடை, உடை, பாவனைக்கு வேறு தனி வகுப்பு! குடிகாரப் பயிற்சியாளராக டாம் ஹாங்க்ஸ் வரும்போதெல்லாம் நம் அரங்கு அதிர்ந்தது.

கதை டாட்டி, கிட் என்னும் அக்காள் தங்கையைப் பற்றியது. அக்காள் எதிலும் முதல். தங்கை அவள் நிழலில் புழுங்குகிறவள். இறுதி ஆட்டத்தில் இருவரும் எதிரெதிர் அணி. கடைசி நேரத்தில் தங்கை பந்தை அடித்துவிட்டு, நிற்கச் சொல்லியும் நிற்காமல் ஓடிவந்து அக்காள்மேல் மோதுகிறாள். அக்காள் கையில் பந்து நின்றிருந்தால் தங்கை அவுட். ஆனால் பந்து உருண்டுவிடுகிறது. தங்கையின் ரசீன் அணிக்கு வெற்றி.

"வேண்டுமென்றே விட்டாள், அக்காள் பாசம்!" என்கிறது பெரும்பான்மைக் கட்சி. எங்கள் வகுப்பில் ஏறக்குறைய எல்லோருமே இதில்தான் இருக்கிறார்கள். ஒரு விரிவுரையாளர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டே இதைச் சொன்னார்.

நான் மறுக்கிறேன். வரலாற்றைப் புரட்டி விடை காண முடியாது. மெய்யான 1943 இறுதியில் ரசீனிடம் தோற்றது கெனோஷா, டாட்டியின் ராக்ஃபோர்டு அல்ல. படத்துக்குள்ளேதான் தேட வேண்டும். அதே ஆட்டத்தில் சற்று முன்பு, தங்கை வீசிய பந்தை அவள் தலையை உரசுவதுபோல் அடித்துத் தன் அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தவள் டாட்டி. பிறகு, உயரமாக வரும் வேகப்பந்து தங்கையின் பலவீனம் என்று தன் பந்துவீச்சாளரிடம் காட்டிக்கொடுத்தவளும் அவளே. விட்டுக்கொடுக்க நினைத்தவள் இதையெல்லாம் ஏன் செய்ய வேண்டும்? அந்த உயரப் பந்தைத்தான் கிட் அடித்தாள். அவளுக்குக் கிடைத்த ஒரே வெற்றியையும் அக்காளின் தானமாக்கி விடுகிறோமே, இது என்ன நியாயம்?

(எல்லோரும் கடைசிக் காட்சிக்கே அழுதார்கள். மைதான ஓரத்துக்குப் போன பந்தைக் கறுப்பினப் பெண் ஒருத்தி எடுத்து, கேட்டு நின்ற டாட்டியின் தலைக்கு மேலாக வேறொருத்தி கைக்கு வீசுகிறாளே, அதை யாரும் பேசவில்லை. அந்தப் போட்டித் தொடரில் கடைசிவரை கறுப்பினப் பெண்களுக்கு இடமே இல்லை.)

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று தோழிகள் கேட்டார்கள். சொல்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் அக்காள் பன்னிரண்டாம் வகுப்பில் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவள். அந்த ஆண்டுதான் அப்பா ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அவள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். "தங்கச்சிக்காக விட்டுக்கொடுத்த மகராசி" என்று ஊரே புகழ்கிறது. அவள் எங்கே விட்டாள்? கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருந்தாள். இன்றும் தகரப் பெட்டியில் இருக்கிறது. மோதிய வேகத்தில் கையிலிருந்து போய்விட்டது, அவ்வளவுதான். தியாகம் என்று பேர் வைத்துவிட்டால் ஊருக்கு வசதி. யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

பொங்கலுக்கு வந்தவளிடம் படத்தைக் கைபேசியில் போட்டுக் காட்டினேன். ஆட்டத்தின் விதிகளை நான் விளக்க விளக்க, முறுக்கைக் கடித்துக்கொண்டே பார்த்தாள். கடைசிக் காட்சி வந்தது. பந்து உருண்டது. "வேணும்னே விட்டாளாக்கா?" என்று கேட்டேன்.

"அதப் பாக்கல. அந்தச் சின்னவ என்னமா ஓடுறாடி! திருப்பிப் போடு," என்றாள்.