பழைய காமிராவும் புதிய கடனும்

கலியாணப் படம் எடுத்து ஜீவனம் செய்யும் எங்கள் வடசென்னைக் கொருக்குப்பேட்டை இளைஞர் ஒருவர், சென்ற வாரம் தவணைக் கடன் விண்ணப்பம் ஒன்றை என்முன் நீட்டி, "அண்ணா, இந்த பாடி ரொம்பப் பழசாம், மாத்துனாதான் இனிமே ஆர்டர் வருமாம், ஒரு ஜாமீன் கையெழுத்து போடுங்க" என்று கேட்டபோது எனக்கு மூண்ட கோபம் அவர்மேல் அன்று. காமிராவின் வயதே படத்தின் தரம் என்னும் மூடநம்பிக்கையை அவர் தலையில் ஏற்றிவைத்தவர்கள்மேல். அவர் கையில் இருப்பது 2014-இல் சோனி வெளியிட்ட ஆல்ஃபா 6000. ரயில்வே கேட் மூடிக்கிடக்க, சரக்கு வண்டி கடந்து போகும்வரை மேளதாளத்தோடு காத்து நிற்கும் மாப்பிள்ளை ஊர்வலத்தை அதில் அவர் எடுத்த படம் என் கண்ணைவிட்டு அகலவில்லை. மாப்பிள்ளையின் முகத்தில் விளக்கொளி, பின்னால் ஓடும் வண்டியின் இருள், நடுவே டிரம்ஸ்காரரின் வியர்த்த அலுப்பு. அதைப் பார்த்தபின் 'பழசு' என்று சொல்ல எவருக்கு நா எழும்? நான் கையெழுத்துப் போடவில்லை.

அந்த 6000-க்கு என்ன குறை என்று அந்த மூடநம்பிக்கையை ஏற்றிவைத்தவர்களைக் கேட்கிறேன். அதன் சென்சாரில் ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். அகலத்தில் 6000, உயரத்தில் 4000. அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சிட்டால் 20 அங்குல அகலப் படம் வரும். நம் ஜனங்கள் போடும் கலியாண ஆல்பத்தின் பக்கமோ 12-க்கு 18. அதிலும் பாதிப்பேர் படத்தைப் பார்ப்பது உள்ளங்கை அகலக் கைபேசியில்! அவருக்குக் காட்டி ஆசைமூட்டப்பட்ட, பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃப்ரேம் காமிரா, 2021-இல் வந்த ஆல்ஃபா 7 IV. 3 கோடியே 30 லட்சம் புள்ளி என்று பிரமாதமாகப் பிரகடனம் செய்கிறார்கள். அகலத்தில் அது 7008. நூற்றுக்குப் பதினேழு அதிகம், அவ்வளவே. இன்னொரு விபரீதமும் உண்டு: 6000-இன் சிறிய சென்சாருக்கென்று செய்த இவருடைய பழைய லென்ஸ்களை அந்தப் புதிய பாடியில் மாட்டினால் சென்சாரின் நடுப்பாகம் மட்டுமே பயன்பட்டு, படம் ஒரு கோடியே நாற்பது லட்சத்துச் சொச்சம் புள்ளிக்குச் சுருங்கிவிடும். கடன்பட்டு வாங்கியது, பழைய 6000 தருவதைவிடக் குறைவாகத் தரும். ஆகவே லென்ஸ்களையும் மாற்று என்பார்கள், கடன் இரட்டிக்கும்.

செலவு செய்தே தீரவேண்டுமானால் லென்ஸுக்குச் செய்க. காமிராவோடு வரும் கிட் லென்ஸ், 50 மில்லிமீட்டரில் எஃப் 5.6-க்கு மேல் திறவாது (இந்த எண் குறையக் குறையத் திறப்பு அகலும்); மண்டபத்து மங்கிய வெளிச்சத்தில் முகங்கள் குருணை குருணையாய்த் தெரிவதன் முக்கிய காரணம் அதுதான், காமிராவின் வயதன்று. 2018-இல் சிக்மா செய்த 56 மில்லிமீட்டர் லென்ஸ் 1.4 வரை திறக்கும். உள்ளே வரும் வெளிச்சம் 16 மடங்கு. அதை மாட்டும் வாய், 2010-இல் சோனி அறிமுகப்படுத்திய அதே ஈ-மவுண்ட். நம்முடைய 6000-இல் அப்படியே பொருந்தும். இவ்வளவு பிரத்தியட்சமான விஷயத்தை ஒருவராவது அந்தப் பிள்ளைக்குச் சொன்னார்களா? சத்யஜித் ராயின் படப்பிடிப்புகளை இருபது ஆண்டுகளுக்கு மேல் படமெடுத்த நேமாய் கோஷ் தொடங்கியது, யாரோ டாக்சியில் மறந்துவிட்டுப்போன, லென்ஸைக் கழற்றவே முடியாத ஒரு கேனனெட் காமிராவில்!

உண்மையில் வடசென்னையில் காமிராவுக்குச் சத்துரு, வயதன்று. காற்றின் ஈரமும் உப்பும். மழைக்காலத்தில் பீரோவுக்குள் தோல்பையில் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கிறது. காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பாதுகாப்பு. லாபம் சொற்பமான அந்தப் பேச்சை விற்பவர் எவரும் எடுப்பதில்லை.

கலியாண வீட்டாரையும் நான் மன்னிக்கத் தயாரில்லை. எடுத்த படங்களைக் காட்டும் என்று கேட்பதற்கு முன்னால் "என்ன மாடல்?" என்று கேட்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விதான் இளைஞர்களைக் கடன் பத்திரத்தின்முன் உட்காரவைக்கிறது. லட்சக்கணக்கில் விலைபெறும் காமிராக்களோடு ஞாயிறுதோறும் காசிமேட்டுக்கும் எண்ணூருக்கும் வந்து, புகைபோக்கியையும் குப்பைமேட்டையும் கவர்ந்துகொண்டு, இங்கு வாழ்வோரின் பெயரைக்கூடக் கேட்காமல் போகிறவர்களின் படங்களை நான் பார்த்திருக்கிறேன். புள்ளிகளுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் கேட்டருகே நின்ற டிரம்ஸ்காரரை அவர்கள் ஒருநாளும் எடுத்ததில்லை. எடுத்தது அந்தப் பழைய 6000.

பழுது பார்க்கும் வசதியோ நாளுக்குநாள் அருகி வருகிறது. ஷட்டர் தேய்ந்துவிட்டது என்று கொண்டுபோனால், உதிரிபாகம் வராது, புதிதே வாங்கிவிடுங்கள் என்கிறார்கள். பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையவாசலைத் திறந்தது. தகவல் தரும் வாசலோடு நில்லாமல், விற்ற காமிராவுக்குப் பத்து ஆண்டுகளேனும் உதிரிபாகம் கொடுத்தாக வேண்டும் என்று கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டத்தைச் சர்க்கார் கொண்டுவர வேண்டும்.