பத்தாவது லீவும் ஒரு பாழாப்போன கேள்வியும்

பத்தாவது பரிட்சை எழுதி முடிச்ச புள்ளைங்க யார் கண்ணுல பட்டாலும் நம்ம ஊர்ல ஒரே கேள்விதான். "அப்புறம் கண்ணு, என்னவாகப் போற?" கல்யாண மண்டபத்துல பந்தியில உட்கார்ந்தா பக்கத்து இலைக்காரர் கேட்பார். மளிகைக் கடைக்குப் போனா அண்ணாச்சி கேட்பார். முடி வெட்டப் போன இடத்துல, கழுத்துல கத்தி இருக்கற நேரமாப் பார்த்துக் கேட்பாங்க. அந்தப் புள்ளையும் பாவம், "டாக்டர்", "இன்ஜினியர்", "கலெக்டர்" இதுல ஒண்ணை எடுத்து வீசிட்டுத் தப்பிச்சு ஓடிரும்.

என் கட்சி இதுதாங்க. இந்தக் கேள்வியை பத்தாவது லீவுல கேட்கவே கூடாது. கேட்டே ஆகணும்னா, "இதுவரைக்கும் யார் யார் வேலை செய்யறதைக் கிட்டக்க நின்னு பார்த்திருக்க?"ன்னு கேளுங்க. பத்துல ஒன்பது புள்ளைங்க முழிக்கும். ஸ்கூல்ல டீச்சர், ஆஸ்பத்திரியில டாக்டர், ரோட்டுல போலீஸ், வீட்டுல அப்பா அம்மா. மிச்சமெல்லாம் சினிமாவும் யூட்யூபும். நாலு கடையை மட்டும் காட்டிட்டு, ஊர்லயே நல்ல துணி எதுன்னு சொல்லுன்னா அது என்னங்க நியாயம்?

நான் பத்தாவது முடிச்சது 1994. திருப்பூர். அப்ப எங்க ஊரு கோவை மாவட்டத்துல இருந்துச்சு, 2009-லதான் தனி மாவட்டம் ஆச்சு. அந்தக் காலத்துல லீவுன்னா பெத்தவங்க கையில ரெண்டு அஸ்திரம் இருக்கும். ஒண்ணு, டைப்ரைட்டிங் கிளாஸ். ரெண்டு, இந்தி கிளாஸ். "லோயர் முடிச்சு வெச்சுக்கோடா, எப்பயாச்சும் உதவும்"பாங்க. லோயர்னா நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையர்னா 45. ஏ எஸ் டி எஃப்னு தட்டித் தட்டி சுண்டு விரல் வீங்கினதுதான் மிச்சம் :-)

சும்மா சொல்லக்கூடாது, அதுலயும் ஒரு கணக்கு இருந்துச்சு. அப்பாவுக்குத் தெரிஞ்ச பாதுகாப்பான வேலை ஆபீஸ் வேலை, அதுக்கு டைப்பிங் வேணும். அவர் பார்த்ததை வெச்சு அவர் சொன்னார். ஆனா அந்த 1994-ல எங்க கிளாஸ்ல ஒருத்தன்கூட "நான் மெர்ச்சண்டைசர் ஆகப் போறேன்"னு சொன்னதில்லை. ஊரைச் சுத்திப் பின்னலாடை ஏற்றுமதி கொடிகட்டிப் பறக்குது. வெளிநாட்டுக்காரன்கிட்டப் பேசி, ஆர்டரை வாங்கி, நூல்லருந்து பெட்டி கட்டற வரைக்கும் தேதி தவறாம ஓட்டற ஆள் ஒவ்வொரு கம்பெனிக்கும் தேவைப்படுது. ஆனா அப்படி ஒரு வேலை இருக்குங்கறதே எங்களுக்குத் தெரியாது. கம்பெனிக்கு உள்ள போய்ப் பார்த்தாத்தானே தெரியும்!

ஆனா எங்க கிளாஸ்ல மூணு பேரு அந்த லீவுல உள்ள போனாங்க. கைமடிக்க. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், ஓவர்லாக் மிஷின்ல டெய்லர் தைச்சுத் தள்ளத் தள்ள, பக்கத்துல நின்னு துணியை எடுத்து மடிச்சு அடுக்கிக் குடுக்கற வேலை. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். அந்தக் காசுல ஒருத்தன் புது செருப்பு வாங்கிட்டு வந்து காட்டினப்ப எனக்கு வயிறு எரிஞ்சது நிஜம். ஜூன் மாசம் ரெண்டு பேர் மார்க் ஷீட்டோட ப்ளஸ் ஒன் சேர வந்தாங்க. மூணாவது ஆளு வரலை. சனிக்கிழமைச் சம்பளம் அவங்க வீட்டுக்குப் பழகிப் போச்சு.

அதனால இதை முதல்லயே தெளிவாச் சொல்லிர்றேன். வேலையைப் பார்க்கறது வேற, வேலைக்குப் போறது வேற. 2016-ல திருத்தின சட்டப்படி 14 வயசுக்குக் கீழ இருக்கற புள்ளைங்களை வேலைக்கு வெக்கக்கூடாது. குடும்பத் தொழில்ல மட்டும் ஸ்கூல் நேரம் போக, லீவுல உதவி பண்ணலாம். 14-லருந்து 18 வரைக்கும் ஆபத்தான வேலை கூடாது. நான் சொல்றது சம்பளமில்லாம, சுமையில்லாம, ஓரமா ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்க்கறது. அவ்ளோதான்.

சரி, இப்ப நடக்கறதுக்கு வருவோம்.

2025-ல எங்க அக்கா மக பத்தாவது எழுதினா. கடைசிப் பரிட்சை ஏப்ரல் 15. ரிசல்ட் மே 16. நடுவுல முப்பத்தியோரு நாள். புஸ்தகம், ஹோம்வொர்க், ரிவிஷன் டெஸ்ட்டுன்னு எதுவும் உரிமை கொண்டாட முடியாத முப்பத்தியோரு நாள் ஒரு புள்ளைக்கு அதுக்கு முன்னாடியும் வந்ததில்லை, இனிமே எப்ப வரும்னு சொல்லவும் முடியாது. மச்சான் என்ன பண்ணினார்? பரிட்சை முடியறதுக்கு முன்னாடியே ஒரு கோச்சிங் சென்டர்ல நீட்டுக்கு அட்வான்ஸ் கட்டிட்டு வந்துட்டார். ரெண்டு வருஷம் கழிச்சு எழுதப் போற பரிட்சைக்கு! மே முதல் வாரம் கிளாஸ் ஆரம்பம். கட்டின காசு திரும்பக் கிடைக்காதுன்னு ரசீதுலயே அச்சடிச்சிருந்தாங்க.

அவகிட்டப் போய் "அம்முணி, நீ என்ன நினைக்கற?"ன்னேன். "எனக்கு ஒண்ணுமே தெரியல மாமா. வேணாம்னு சொல்றதுக்காச்சும் என்னான்னு தெரியணுமில்ல?"ன்னா. பதினஞ்சு வயசுப் புள்ளை. இதைவிடத் தெளிவா என்னாலகூடச் சொல்ல முடியாது.

மச்சான் மேல எனக்குக் கோபமெல்லாம் இல்லைங்க. அவர் பயம் எனக்குப் புரியுது. 2017-லருந்து தமிழ்நாட்டுல டாக்டர் சீட்டுக்கு நீட்டுதான் வழின்னு ஆயிப்போச்சு. 180 கேள்வி, 720 மார்க். குரூப் விஷயமும் அப்படித்தான். ப்ளஸ் ஒன்ல காமர்ஸ் எடுத்த புள்ளை டாக்டருக்குப் போக முடியாது. ஆனா கணக்கு, பயாலஜி எடுத்த புள்ளை பின்னால பி.காம் போகலாம், சி.ஏ. போகலாம், வக்கீலுக்குப் படிக்கலாம். "ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தா எல்லாக் கதவும் திறந்திருக்கும் மாப்ளே"ங்கறார். வாஸ்தவம்தான். ஆனா எல்லாக் கதவையும் திறந்து வெச்சுக்கற செலவை யாருங்க கட்டறது? கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி நாலையும் ரெண்டு வருஷம் தூக்கிச் சுமக்கறது அந்தப் புள்ளைதானே? எந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டுச் சுமந்தா, சுமக்கறதுக்காச்சும் ஒரு காரணம் இருக்கும்.

"கிளாஸுக்கு அனுப்புங்க, வேணாங்கல. அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் என்கிட்ட விடுங்க"ன்னேன். "அந்த ரெண்டு வாரத்துல மத்த வீட்டுப் புள்ளைங்க ரெண்டு சாப்டரை முடிச்சுருவாங்க மாப்ளே"ன்னார். அக்காதான் நடுவுல பூந்து, "அந்த ரெண்டு சாப்டர் எங்கயும் ஓடிப் போயிராது, விடுங்க"ன்னு முடிச்சு வெச்சா. பொம்பளப் புள்ளைய எங்கெங்கயோ கூட்டிட்டுப் போறதான்னு அடுத்த கேள்வி வந்துச்சு. தெரிஞ்ச இடம், அரை நாள், கூட நானோ அக்காவோன்னு கணக்கு சொன்னதும் அடங்கிட்டாங்க.

முதல்ல போனது ஒரு சாயக்கழிவு சுத்திகரிப்பு நிலையம். திருப்பூர்க்காரங்களுக்கு இந்தக் கதை தெரியும். நொய்யல் நாறிப்போய், 2011 ஜனவரியில ஹைகோர்ட் உத்தரவால சாயப்பட்டறை எல்லாத்தையும் மூடினாங்க. ஊரே ஸ்தம்பிச்சுப் போச்சு. ஒரு சொட்டுக் கழிவுத் தண்ணிகூட வெளிய விடாம சுத்திகரிச்சாத்தான் ஓட்டலாம்னு ஆச்சு. சவ்வு வழியாத் தண்ணியை அழுத்திப் பிரிக்கறது, மிச்சத்தைக் காய்ச்சி உப்பைத் தனியா எடுத்து மறுபடி சாயத்துக்கே அனுப்பறதுன்னு அங்க நடக்கறது பூரா கெமிஸ்ட்ரி. அங்க லேப்ல இருக்கற ஒரு அம்மா, கலங்கல் தண்ணி ஒரு பாட்டில், தெளிஞ்ச தண்ணி ஒரு பாட்டில் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினாங்க. கெமிஸ்ட்ரின்னா மனப்பாடம்னு நினைச்சிட்டிருந்த புள்ளை, அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகரலை.

அடுத்து கோர்ட்டு. மே மாசம் சிவில் கோர்ட்டுக்கு லீவு, ஆனா மாஜிஸ்திரேட் கோர்ட்டு நடக்கும். திறந்த கோர்ட்டுல யார் வேணும்னாலும் பின்னாடி அமைதியா உட்கார்ந்து பார்க்கலாம். சினிமாவுல மாதிரி யாரும் மேஜையைத் தட்டலை. பாதி நேரம் வாய்தாதான். "காத்துக்கிட்டே இருக்கறதுதான் வேலையா மாமா?"ன்னா. சரி, ஒரு கதவு அவ பட்டியல்லருந்து போச்சு. அதுவும் லாபம்தானுங்களே! இன்னொரு புள்ளைக்கு அதே இடத்துல பொறி தட்டலாம்.

அப்புறம் ஒரு ஆடிட்டர் ஆபீஸ், ஒரு லேத் பட்டறை. கடைசியா தெரிஞ்சவங்க மூலமாக் கேட்டு, ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். அங்க ரத்தப் பரிசோதனை பண்ற அக்கா பக்கத்துல ஒரு காலைப் பொழுது உட்கார்ந்திருந்தா. வெளிய வந்ததும் சொன்னா: "டாக்டர் மூணு நிமிஷத்துல பார்த்துட்டு எழுதறாரு மாமா. என்ன வியாதின்னு அந்த அக்காவோட மிஷின்தான் முதல்ல சொல்லுது." லேப் டெக்னீஷியன்னு ஒரு படிப்பு இருக்கறதை அன்னிக்குத்தான் கேள்விப்பட்டா. டாக்டரைப் பத்தியும் அன்னிக்குத்தான் நிஜமா ஏதோ தெரிஞ்சுகிட்டா.

முடிவு என்னாச்சுன்னு கேட்பீங்க. பெரிய திருப்பமெல்லாம் இல்லைங்க. ஃபர்ஸ்ட் குரூப்தான் எடுத்தா. கோச்சிங்கும் போனா. ஆனா டாக்டர் சீட்டு கிடைக்கலைன்னா உலகமே இருண்டுரும்னு இப்ப அவ நினைக்கலை. கைவசம் இன்னும் ரெண்டு மூணு பேர் வெச்சிருக்கா, ஒவ்வொண்ணும் கண்ணால பார்த்தது. மார்க் குறைஞ்சதுக்காக நம்ம புள்ளைங்க என்னென்ன விபரீத முடிவெல்லாம் எடுத்திருக்காங்கன்னு பேப்பர் படிக்கற எல்லாருக்கும் தெரியும். ஒரே ஒரு கதவைக் காட்டி, அது மூடினா நீ அவ்ளோதான்னு சொல்லி வளர்த்தா வேற என்ன நடக்கும்? எனக்கு இதுல இருக்கற அக்கறை, வேலை கிடைக்குமா கிடைக்காதாங்கறதைவிட இந்த விஷயத்துலதான் அதிகம்.

இது ஒண்ணும் நான் கண்டுபிடிச்சதும் இல்லை. ஜப்பான்ல ஹியோகோ மாகாணத்துல 1998-லருந்து, நம்ம எட்டாவதுக்குச் சமமான வகுப்புப் புள்ளைங்களை அஞ்சு நாள் கடை, பண்ணை, ஆஸ்பத்திரின்னு அனுப்பறாங்க. 2020 தேசியக் கல்விக் கொள்கையிலகூட ஆறாவதுலருந்து எட்டாவது வரைக்கும் பத்து நாள் புஸ்தகப்பை இல்லாம தச்சர், குயவர், தோட்டக்காரர்கிட்டக் கத்துக்கணும்னு ஒரு வரி இருக்கு. அந்தக் கொள்கையில வேற எதுலயும் எனக்கு உடன்பாடு இருக்கா இல்லையாங்கறது தனி பஞ்சாயத்து. இங்க 2022 மார்ச்ல ஆரம்பிச்ச நான் முதல்வன் திட்டத்துல ப்ளஸ் டூ புள்ளைங்களைக் கல்லூரிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டறாங்க. ரொம்ப நல்ல விஷயம். ஆனா கல்லூரிங்கறது வேலைக்குப் போற பஸ். பஸ்ஸைக் காட்டறதுக்கு முன்னாடி ஊரைக் காட்டினா நல்லா இருக்கும்ல?

இன்னொண்ணு. 2017-18-லருந்து ப்ளஸ் ஒன்னுக்கும் பப்ளிக் பரிட்சை இருந்துச்சு. 2025 ஆகஸ்ட்ல வந்த மாநிலக் கல்விக் கொள்கையோட, 2025-26-லருந்து அதை எடுத்துட்டாங்க. ஆக, "ரெண்டு வாரம் போச்சே"ன்னு பதறறதுக்கு முன்ன இருந்த காரணம்கூட இப்ப இல்லை.

வீட்டுல பத்தாவது புள்ளை இருக்கறவங்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. எங்க போனாலும் புள்ளையை நாலு கேள்வி மட்டும் கேட்கச் சொல்லுங்க:

1. காலையில வந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?
2. இதுல ரொம்ப சலிப்பான வேலை எது?
3. இதுல தப்பு பண்ணினா என்ன ஆகும், யாருக்கு ஆகும்?
4. இந்த இடத்துக்கு வர எத்தனை வருஷம் ஆச்சு, முதல் சம்பளம் என்ன?

நாலாவது கேள்வியைக் கேட்டா சிலர் முறைப்பாங்க. பரவாயில்லை, புள்ளை கேட்டா பதில் சொல்லிருவாங்க. நீங்க கேட்டாத்தான் தகராறு :-)

கடைசியா உங்களுக்கு ஒண்ணு. நீங்க பேங்க்ல இருக்கலாம், மென்பொருள் கம்பெனியில இருக்கலாம், மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கலாம், பஸ் டெப்போவுல இருக்கலாம். மே மாசம் பக்கத்து வீட்டுப் புள்ளை ஒண்ணை ஒரு அரை நாள் பக்கத்துல உட்கார வெச்சுக்க முடியுமான்னு உங்க ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க. முக்கியமா, கோச்சிங்குக்குக் கட்டக் காசில்லாத வீட்டுப் புள்ளையாப் பார்த்துக் கூப்பிடுங்க. அதுங்களுக்குத்தான் அப்பா பார்க்கற ஒரே வேலையைத் தவிர வேற எதையும் எட்டிப் பார்க்க ஜன்னல் இல்லை. காசு செலவில்லை. ஒரு ஸ்டூலும் ஒரு டீயும் போதும்.

டிஸ்கி: மச்சானுக்கு இதை இன்னும் காட்டலை. யாரும் போட்டுக் குடுத்துராதீங்க மக்களே!