28 வயசுல மேயர்... வடசென்னைக்கு என்ன கிடைச்சது?

வடசென்னைன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கேங்ஸ்டர் படம், கானா, எண்ணூர்ப் புகை? அந்த லிஸ்ட்ல ஒரு மேயரையும் சேர்த்துக்கோங்க.

2022 மார்ச் 4-ம் தேதி, திரு.வி.க. நகரைச் சேர்ந்த எம்.காம் பட்டதாரி ஆர்.பிரியா, 28 வயதில் சென்னை மேயரானார். தாரா செரியன், காமாட்சி ஜெயராமனுக்குப் பிறகு மூன்றாவது பெண் மேயர். தலித் பெண்களில் முதல் மேயர். 'அரசியல் நமக்கு செட் ஆகாது பாஸ்' என்று ஒதுங்குகிறவர்களுக்கு இதுவே ஒரு பதில்தான்.

ஆனா, நாற்காலி வேற, அதிகாரம் வேற. சென்னை மேயருக்கு நாம் நேரடியாக ஓட்டுப் போடவில்லை. 200 வார்டு கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். நிர்வாகம் ஐ.ஏ.எஸ் கமிஷனர் கையில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரம் வரை எண்ணெய் படர்ந்ததே... அந்த மணலி சுத்திகரிப்பு ஆலை மத்திய அரசு நிறுவனம். கண்காணிக்க வேண்டிய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாநில அரசுடையது. இரண்டிலுமே மேயருக்குப் பிடி கிடையாது.

அப்போ அவர் கையில் என்னதான் இருக்கு? ஸ்கூல், ரோடு, மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை. முதல்வரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் சென்னைக்கு வந்தபோது, முதலில் போய்ச் சேர்ந்தது வடசென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்குத்தான். வெறும் வயிற்றோடு கிளாஸில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு அதோட அருமை தெரியும்.

குப்பை விஷயம்தான் இடிக்குது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுக்க மாமன்றம் தீர்மானம் போட்டது. பணி நிரந்தரம் கேட்டு, சம்பளம் குறையும்னு பயந்து, 2025 ஆகஸ்ட்டில் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். அதில் பெண்களே அதிகம். உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. மறுநாள் அரசு அறிவித்த சலுகைகளில் ஒன்று, அவர்களுக்கும் காலை உணவு. கேட்டது வேலைக்கு உத்தரவாதம், கிடைத்தது டிபன். இது மேயரின் சொந்த ஏரியா, சொந்த மன்றம். 'எனக்கு அதிகாரம் இல்லை' என்று இங்கே சொல்ல முடியாது.

நியூயார்க்கைப் பாருங்க. ஸோரான் மம்தானி மாநில சட்டமன்ற உறுப்பினராக இருந்தபோது, 2021-ல் கடனில் மூழ்கிய டாக்ஸி டிரைவர்களோடு 15 நாள் உண்ணாவிரதம் இருந்தார். கடன் குறைந்தது. 2025-ல், 34 வயதில் அந்த நகரின் மேயர் தேர்தலில் ஜெயித்தார். அங்கே மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டார்கள்; இங்கே கட்சி கைகாட்டுகிறது. யார் உட்கார வைத்தார்களோ, அவர்களுக்குத்தான் முதலில் பதில் சொல்லத் தோன்றும்.

அதனால, அடுத்த மாநகராட்சித் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் வயசை மட்டும் கேட்காதீங்க. 'எங்க தெருவைக் கூட்டுற அக்காவுக்கு வேலை நிரந்தரம் பத்தி மன்றத்துல பேசுவீங்களா?'ன்னு கேளுங்க.