குப்பை என்னும் சொல்

எங்கள் ஆய்வு மாணவர் விடுதியில் நாள்தோறும் காய்கறித் தோலும் நெகிழியும் ஒரே தொட்டியில் விழுகின்றன. கழிவை இடத்திலேயே தரம் பிரிக்க வேண்டுமென 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே பணித்துவிட்டன.

உழவர் வழக்கில் 'குப்பை' என்றால் எருவும் ஆகும். 'வயலுக்குக் குப்பை அடித்தாயிற்றா?' என்று பாட்டி கேட்பார். அரிசி களைந்த நீர் அவர் வீட்டு வாழைக்குப் போகும். அவரையில் அசுவினி கண்டால், இலையில் பனியீரம் உலருமுன் அடுப்புச் சாம்பலைத் தூவுவார்.

இவையே இன்று 'எளிய குறிப்புகள்' என்று காணொளிகளில் வலம்வருகின்றன. மகிழ்ச்சியே. ஆயினும் பொருளைச் சொல்பவர்கள் அளவையும் காரணத்தையும் விட்டுவிடுகிறார்கள். முட்டையோடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். மண்ணில் மிக மெதுவாகவே கரையும். இன்று வாடும் தக்காளிச் செடியை அது நாளையே மீட்காது. சாம்பலில் பொட்டாசியத்தோடு காரத்தன்மையும் உண்டு. களர் மண்ணில் அதைக் கொட்டுவது கேடு. பாட்டியின் கைப்பிடிக்கு ஓர் அளவு இருந்தது. அவ்வளவை அறியாமல் செயலை மட்டும் பின்பற்றுவது மரபறிவு ஆகாது.

மரபறிவைப் பற்றிக் கருத்தரங்குகளில் கட்டுரை வாசிக்கும் நாம், விடுதிச் சமையற்கூடத்தின் பின்புறம் ஒரு மட்குத்தொட்டி வைக்கலாம். ஒரு பங்கு தோலுக்கு இரு பங்கு காய்ந்த சருகு. மேலே சிறிது மண். வாரம் ஒருமுறை கிளறல். சில மாதங்களில் எரு கிடைக்கும். குப்பை தன் பழைய பொருளை அங்கே மீட்டுக்கொள்ளும்.