மாசச் சம்பளத்துக்கு எத்தனை மணி நேரம்?

மூலக்கொத்தளத்துப் பையனுக்குப் பெண் கேட்டுப் போனால், பெண் வீட்டார் முதலில் விசாரிப்பது எவ்வளவு சம்பாதிக்கிறான் என்பதை அல்ல. மாசச் சம்பளமா, தினக்கூலியா என்பதைத்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் இந்தத் துறைமுகப் பகுதியில் தினக்கூலி என்பது வானத்தையும் கடலையும் நம்பிய பிழைப்பு. மழை பிடித்துக்கொண்டால் வேலை நிற்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. கப்பல் தாமதமானால் லாரியும் வராது. மாசச் சம்பளக்காரருக்கோ எது நின்றாலும் ஏழாம் தேதிக்குள் பணம் வந்துவிடும். கடன் கொடுப்பவரும் தவணைக்காரரும் அவரைத்தான் நம்புகிறார்கள்.

அந்த மரியாதையே அவருக்கு எதிராகவும் திரும்புகிறது. குறைந்தபட்ச ஊதியம் என்ற பேச்சு வந்தால் மூட்டை தூக்குபவரும் சித்தாளும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். எம்.சி. ரோடு துணிக்கடையில் புடவை விரித்துக் காட்டும் பெண்ணையோ, தம்பு செட்டித் தெருவின் கிளியரிங் ஏஜென்சியில் சுங்க ஆவணங்களைத் தட்டச்சு செய்யும் இளைஞரையோ, மணலி பக்கம் கன்டெய்னர் கிடங்கில் இரவெல்லாம் வண்டி எண் குறிப்பவரையோ நினைப்பதில்லை. அவர்களும் தங்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. “நமக்கு மாசச் சம்பளம், அதெல்லாம் கூலி ஆளுங்களுக்கு” என்பதுதான் பொது நினைப்பு.

சட்டம் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், பணியாளர் யார் என்பதை விளக்கும்போது உடலுழைப்பு, எழுத்தர் வேலை இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தது. நாள், வாரம், மாதம் என்று பணம் எந்தக் கணக்கில் கைக்கு வருகிறது என்பதைப் பொறுத்து யாரையும் அது விலக்கவில்லை. தமிழ்நாட்டு அரசாணைகளில் வீதம் பெரும்பாலும் மாதத் தொகையாகவே அறிவிக்கப்படும். நாள் ஊதியம் வேண்டுமென்றால் அதை 26-ஆல் வகுக்க வேண்டும். வாழ்க்கைச் செலவுக் குறியீட்டு எண்ணோடு கட்டப்பட்ட பஞ்சப்படி தனி. நாள் கூலியை விட மாசச் சம்பளத்தைத்தான் அரசே முதலில் நிர்ணயிக்கிறது என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள்.

எழுத்தருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் இடமும் பலருக்குத் தெரியாது. கட்டுமானம், துப்புரவு, சுமை ஏற்றி இறக்குதல் போன்ற வேலைகளுக்கு 2024 அக்டோபர் 1 முதல் ஒன்றிய அரசு அறிவித்த வீதங்களில், எழுத்தர் வேலையும் ஆயுதமில்லாக் காவல் பணியும் திறன் பெற்ற தொழிலாளிக்குச் சமமான தட்டில் வைக்கப்பட்டுள்ளன. சென்னை போன்ற ‘ஏ’ பகுதி நகரத்தில் அந்தத் தட்டுக்கு அப்போது நாளொன்றுக்கு 954 ரூபாய். 26 நாளுக்கு 24,804. திறன் தேவைப்படாத வேலைக்கே 783 ரூபாய், மாதம் 20,358. இந்தத் தொகைகளைத் தம்பு செட்டித் தெரு அலுவலகம் ஒன்றில் சத்தமாகப் படித்துப் பாருங்கள், சிரிப்பார்கள். சிரிப்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. இவை ஒன்றிய அரசின் அதிகார வட்டத்துக்குள் வரும் வேலைகளுக்கானவை. பெருந்துறைமுகங்கள் ஒன்றிய அரசின் கீழ். கடைகளும் வணிக நிறுவனங்களும் மாநில அரசின் கீழ். மாநில வீதம் இதைவிட வெகுவாகக் குறைவு.

எண்ணூர் பக்கம் இந்தப் பிரிவினை வேடிக்கையாகவே தெரியும். காமராஜர் துறைமுகம் பெருந்துறைமுகம். அதை ஒட்டியிருக்கும் காட்டுப்பள்ளி துறைமுகம் அந்தப் பட்டியலில் இல்லை. அதே கடல், அதே கன்டெய்னர், அதே வேலை. ஆனால் ஊதியத்தின் அடிமட்டத்தைத் தீர்மானிக்கும் அரசு வேறு. ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்ப்பவருக்குத் தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதே தெரியாது. தெரியாதவர் எதைக் கேட்பார்?

ஆனால் என் பார்வையில் உண்மையான ஓட்டை வீதத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. ஒரு கணக்கு போடுவோம். கடையில் ஒருவருக்கு மாதம் 15,000 ரூபாய். காலை பத்து மணிக்கு வந்தால் இரவு பத்துக்குத்தான் வீடு. சாப்பாட்டு இடைவேளையிலும் வாடிக்கையாளர் வந்தால் எழுந்து போக வேண்டும் என்பதால் பன்னிரண்டு மணி நேரமும் வேலைதான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லிருந்து சொல்வது நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48. அதற்கு மேல் உழைத்தால் இரட்டிப்பு ஊதியம். அப்படியானால் கூடுதலான நான்கு மணி நேரம் எட்டு மணி நேரத்துக்குச் சமம். அவர் ஒவ்வொரு நாளும் இரண்டு நாள் ஊதியத்துக்கு உழைக்கிறார். 15,000 ரூபாய் சம்பளம் சட்டத்தின் கண்ணில் 7,500 ரூபாய்ச் சம்பளம். சீட்டில் குறைந்தபட்ச ஊதியத்தைத் தாண்டி நிற்கும் தொகை, மணிக்கணக்கு போட்டதும் அதன் கீழே விழுந்துவிடுகிறது. (அந்த வேலைநேரமே சட்ட வரம்பை மீறியது என்பது தனிக் குற்றம்.)

தினக்கூலிக்காரரை இப்படி ஏய்ப்பது கடினம். பொழுது சாய்ந்தும் வேலை வாங்கினால் அவர் அங்கேயே அரைக்கூலி சேர்த்துக் கேட்பார். மாசச் சம்பளக்காரர் கேட்கமாட்டார். ஒரு நாள் வராவிட்டால் சம்பளப் பிடித்தம் போடும்போது நாள்கணக்கு வந்துவிடும்; இரவு பத்து வரை உட்கார்ந்தால் மட்டும் மாதக்கணக்காகிவிடும். இந்த ஒருவழிக் கணக்குக்குத்தான் நம் ஊரில் ‘மாசச் சம்பளம்’ என்று பெயர்.

வடசென்னைக்கு இது பழைய வழக்கமல்ல. பெரம்பூரில் பின்னி ஆலைகளின் சங்கு ஊருக்கே நேரம் சொன்னது. 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே அந்த ஆலைகளை ஒட்டித்தான். செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு, பி.பி. வாடியா, திரு.வி.க. என்று அந்தப் பெயர்கள் இன்றும் நினைவில் நிற்கின்றன. ஆலை ஆளுக்கு ஷிஃப்ட் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்பதைப் பலகையில் எழுதி மாட்ட வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டம் கட்டாயப்படுத்தியது. 1990-களில் ஆலை மூடியது. அந்த இடத்தில் அடுக்குமாடிகள் வந்தன. ஆலைத் தொழிலாளியின் பேரன் காவல் ஏஜென்சிக்கோ, ஷோரூமுக்கோ, கூரியர் கிடங்குக்கோ போகிறான். மாசச் சம்பளம், பனியன் அழுக்காகாத வேலை. தாத்தாவுக்குக் கேட்ட சங்கு மட்டும் பேரனுக்குக் கேட்பதில்லை.

மாசச் சம்பளக்காரருக்கு ஓ.டி. கிடையாது என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது? அமெரிக்கச் சட்டத்தில் அதற்கு ஓர் இடம் உண்டு. அங்கே 1938-ஆம் ஆண்டின் சட்டப்படி நிர்வாக, தொழில்முறைப் பணிகளில் இருந்து, வாரத்துக்கு 684 டாலர் என்ற வரம்புக்குக் குறையாமல் நிலையான சம்பளமும் வாங்குபவருக்கு மிகைநேர ஊதியம் தர வேண்டியதில்லை. அங்கேயும் பதவிப் பெயரால் மட்டும் தப்ப முடியாது. செய்யும் வேலையைப் பார்ப்பார்கள். நம் நிறுவனங்களோ அந்த நிபந்தனைகளைத் துறைமுகத்திலேயே இறக்கி வைத்துவிட்டு, விலக்கை மட்டும் உள்ளே கொண்டுவந்துவிட்டன. கையெழுத்துப் போடும் அதிகாரம்கூட இல்லாதவர் ‘ஃப்ளோர் மேனேஜர்’. இரண்டு ஆண்டு அனுபவமுள்ளவர் ‘டிரெயினி’.

2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு இந்தப் பெயர் விளையாட்டைப் பெருமளவு முடித்துவைக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதோடு சேர்த்து நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகளையும் தொழிற்சங்கங்கள் எதிர்ப்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பழையதைவிடப் புதியது மேல். பழைய சட்டத்தின் அட்டவணையில் இருக்கும் தொழில்களுக்கு மட்டுமே குறைந்தபட்ச ஊதியம் என்ற வேலி போய்விட்டது. எழுத்தர் வேலையோடு மேற்பார்வை, நிர்வாக வேலைகளும் பணியாளர் என்ற சொல்லுக்குள் வந்துவிட்டன. பயிற்சி என்ற பெயரில் வெளியே நிற்பவர் 1961-ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டப்படி பதிவானவர் மட்டுமே. கடை முதலாளி தானாகச் சூட்டும் ‘டிரெயினி’ பட்டத்துக்கு மதிப்பில்லை.

படிகளால் ஊதும் சம்பளத்துக்கும் கடிவாளம் விழுந்திருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 6,000, வீட்டுவாடகைப் படி, போக்குவரத்துப் படி என்று மிச்சம் 9,000 என எழுதினால், படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டும் தொகை ஊதியமாகவே கொள்ளப்படும். அப்போதும் ஊதியம் 7,500-தான். பழைய சட்டத்தில் கதை வேறு. 1999-இல் ஏர்ஃப்ரெய்ட் நிறுவன வழக்கில், மொத்தமாகக் கொடுக்கும் தொகை குறைந்தபட்சத்தைத் தாண்டினால் போதும், அடிப்படை எவ்வளவு, பஞ்சப்படி எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதிகம் கொடுத்த முதலாளிக்கு அது நியாயமான தீர்ப்பு. குறைவாகக் கொடுப்பவரும் அதன் நிழலில் ஒதுங்கிக்கொண்டார்.

ஆசிரியர்களின் நிலைமை எல்லாவற்றையும்விட விசித்திரம். ஹரியானாவில் தனியார் பள்ளிகளை அரசு அட்டவணையில் சேர்த்தபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆசிரியர் செய்வது உடலுழைப்பும் அல்ல, எழுத்தர் வேலையும் அல்ல, ஆகவே அவருக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது என்று 1996-இல் தீர்ப்பு வந்தது. ராயபுரத்து நர்சரிப் பள்ளி ஒன்றில் அலுவலக எழுத்தருக்கும் ஆயாவுக்கும் சட்டப்படி ஓர் அடிமட்டம் உண்டு. ஒன்றாம் வகுப்பு ஆசிரியைக்குக் கிடையாது. புதிய தொகுப்பின் நீண்ட பட்டியலிலும் கற்பித்தல் என்ற சொல் இல்லை. மறந்துவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை.

சிறு கடைக்காரர் தரப்பைச் சொல்லாமல் விட முடியாது. வாடகை, மின்கட்டணம், ஆன்லைன் போட்டி எல்லாம் உண்மை. ஆனால் இதற்கு நீதிமன்றம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது. 1950-களில் கிரௌன் அலுமினியம் வழக்கிலும், பிறகு கேரள ஓட்டுத் தொழில் பற்றிய உனிச்சோயி வழக்கிலும், குறைந்தபட்ச ஊதியத்தில் முதலாளியின் கொடுக்கும் சக்தி ஒரு கேள்வியே அல்ல என்று தெளிவாக்கப்பட்டது. 1982-இல் ஆசிய விளையாட்டுப் பணியாளர் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த அடிமட்டத்துக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23-ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்றது. “ஒத்துக்கிட்டுத்தானே வந்தே?” என்ற வாதம் அங்கே எடுபடாது.

சட்டம் இவ்வளவு சொல்லியும் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துத் தொழிலாளர் துறை அலுவலகம் வரை மாசச் சம்பளக்காரர் வருவது அபூர்வம். பழைய சட்டத்தில் ஆறு மாதத்துக்குள் கேட்டாக வேண்டியிருந்தது. வேலையில் இருக்கும்வரை யார் கேட்பார்கள்? புதிய தொகுப்பில் மூன்று ஆண்டு அவகாசம். கொடுத்ததை நிரூபிக்கும் சுமை முதலாளியுடையது. குறைவுத் தொகையோடு பத்து மடங்கு வரை இழப்பீடும் கேட்கலாம். ஆனால் இந்த மூன்றும் பலிக்க வேண்டுமானால் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்பதற்கு ஒரு தாள் வேண்டும். பதிவேட்டில் எல்லோரும் எட்டு மணி நேரம் உழைத்து வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

சம்பளச் சீட்டு கொடுத்தே ஆக வேண்டும் என்று தொகுப்பு சொல்கிறது. அந்தச் சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதை மாநில விதிகள் தீர்மானிக்கலாம். அந்த மாதம் உழைத்த மொத்த மணி நேரம், ஒரு மணி நேரத்துக்கான வீதம், மிகைநேரத் தொகை என மூன்று கட்டங்களைத் தமிழ்நாடு அதில் சேர்த்தால் போதும். பொய்யாக எழுதுவார்களே என்பார்கள். எழுதட்டும். இன்றைய பொய் முதலாளியின் அலமாரிக்குள் இருக்கிறது. அது மாதாமாதம் ஊழியரின் கைக்கு வந்தால், இரவு பத்து மணிக்குக் கடை வாசலில் கைபேசியில் எடுத்த படத்தோடு வைத்துப் பார்க்க மூன்று ஆண்டு நேரம் இருக்கிறது.